ரெலவன்ட் டொக்டரிடம் நான் சொல்லாமல் விட்டவை

போன மாதம் நுஸ்ரத் தொலைபேசி எடுத்தாள். தாராபுரத்துப் பிள்ளை. தாதிப் பயிற்சி முடித்து ஆஸ்பத்திரியில் என் வாட்டுக்கு வந்த புதிதில் ஊசி போட என்னைத்தான் கூப்பிடுவாள். இப்போது அவளே ஒரு வாட்டுக்குப் பொறுப்பு.

"மிஸி, உங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கோணும்," என்றாள். தாதியை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவது.

நோயாளியைச் சேர்க்கும் படிவம் இனிமேல் கணினியில், மூன்று மொழியிலும் வரப்போகிறதாம். அதில் 'ரெலவன்ட் ஹிஸ்டரி' என்று ஒரு பெட்டி. நோயாளியின் கதையில் எது ரெலவன்டோ அதை அதற்குள் எழுத வேண்டும். தமிழில் அந்த 'ரெலவன்ட்'டுக்கு என்ன போடுவது என்று கூட்டம் வைத்து நாலு சொல் வந்து, ஆளுக்கொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். சம்பந்தப்பட்ட, தொடர்புடைய, பொருத்தமான, ஏற்புடைய.

"அந்தச் சொல்லோட மாரடிச்ச ஆள் நீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன். நாளைக்கும் முடியவில்லை, மற்ற நாளும் முடியவில்லை. 'சம்பந்தப்பட்ட' என்றால் எனக்குப் பொலிஸ் வாசலில் நிற்பது போல இருக்கிறது. 'பொருத்தமான' என்றால் கல்யாணத் தரகர் வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். 'ஏற்புடைய' என்று எங்கள் கரையில் ஒருவரும் வாய் திறந்து சொன்னதை நான் கேட்டதில்லை. 'தொடர்புடைய' பரவாயில்லை, சண்டைக்குப் போகாத சொல். ஆனால் என் தலையிடி சொல் எது என்பதல்ல. ஆங்கிலத்தில் ரெலவன்ட் என்று ஒருவர் சொன்னால், எதற்கு ரெலவன்ட் என்ற கேள்வி பின்னாலேயே வரும். வழக்குக்கு, காணிக்கு, வேலைக்கு என்று ஏதாவது ஒன்று முன்னால் இருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிறகு எதோடு தொடர்பானதை அவர் சொல்வது?

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு இல்லை. ஒரு மனிசியின் மூச்சை நான் கையில் பிடித்திருந்த ஒரு காலை நேரத்தில் கிடைத்தது. நுஸ்ரத்துக்கான பதிலாக அதையே எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தை நீட்டி முழக்க மாட்டேன். மூன்று வருடம் கஞ்சி போட்ட தொப்பி, படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதில் வாங்கிய ஏச்சு, பரீட்சை. அதன் பிறகு முப்பத்தாறு வருட வேலையில் பெரும்பகுதி மன்னார்ப் பெருநிலப் பக்கம் ஒரு கரையோர ஆஸ்பத்திரியில் போனது. சண்டை முடிந்து சில வருடங்களில்தான் டொக்டர் நிமல் எங்களிடம் மாற்றலாகி வந்தார். தெற்கு ஊர்க்காரர், என்னைவிட இருபது வயதாவது இளையவர். தமிழில் அவருக்கு இரண்டு கேள்வி தெரியும்: "எங்க நோகுது? எத்தனை நாள்?" அதற்கு நோயாளி என்ன பதில் சொன்னாலும் அவருக்கு விளங்காது. ஆகவே பக்கத்தில் நான் நின்று கேட்டு, ஆங்கிலமும் சிங்களமும் கலந்து அவருக்குச் சொல்ல வேண்டும். இங்கே அவர் பேச்சை நான் தமிழிலேயே தருகிறேன்.

அவருக்கு ஒரு பழக்கம். நான் சொல்லத் தொடங்கியதும் பேனையைக் கடதாசிக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். எழுதத் தக்கது வந்தால் பேனை இறங்கும். வராவிட்டால் அப்படியே நிற்கும், இடது புருவம் மட்டும் ஏறும்.

"ரெலவன்ட்?"

அவ்வளவுதான். ஒரு நாளும் சத்தம் போட்டவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன்; எனக்கு வாய்க்குக் குறைவில்லை. அந்தப் புருவத்துக்கு என்ன பதில் சொல்வது? ஒரு கிழமைக்குள் அவருக்கு 'ரெலவன்ட் டொக்டர்' என்று பேர் வைத்துவிட்டோம். சுத்தம் செய்கிற பிள்ளைகள்கூட வாட்டு ஓரத்தில் கிடக்கிற செருப்பைப் பார்த்து "இது ரெலவன்டோ?" என்று கேட்பார்கள்.

வாளி தூக்கத் தூக்கத் தோள் உரமாகிறது போல, அந்தப் புருவத்துக்குப் பயந்து பயந்து நான் நறுக்குவதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். மறிச்சுக்கட்டியிலிருந்து ஒரு பெரியவர் இருமலோடு வந்தார். யானை வந்து வேலியை உடைத்தது, மகன் புத்தளத்துக்குப் போயிருந்தது, தென்னங்கன்று எத்தனை போனது என்று கால்மணி நேரம் சொன்னார். நான் டொக்டரிடம் திரும்பி, "இரண்டு கிழமை இருமல்," என்றேன். பேனை உடனே இறங்கியது.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் நான் பேசினன், நீங்க ரெண்டு சொல்லுல முடிச்சிட்டீங்க. சிங்களம் அவ்வளவு சின்னப் பாஷையா, மகள்?"

வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

பிலோமினா வந்தது ஒரு காலை ஆறரைக்கு. மழைக்காலம். கணவன் சூசை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கடலுக்குப் போகிறவர், உரமான உடம்பு. பிலோமினாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு போயிருந்தா. முகம் முழுக்க வேர்வை.

சூசை வாய் ஓயாமல் சொன்னார்.

"ராத்திரி நண்டுக் கறி மிஸி. நாங்களும் சாப்பிட்டனாங்கள், எங்களுக்கு ஒண்டும் இல்லை. விடிய நாலு மணி போல வயித்துக்குள்ள நோகுது எண்டு எழும்பினவ, மூண்டு தரம் சத்தி. இன்னுமொண்டு மிஸி, ஒன்பது நாளா என்னோட பேச்சுவார்த்தை இல்லை. கட்டிலை விட்டிட்டுப் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடைசி அறைக்குள்ள தரையில படுக்கிறா. நான் என்ன பிழை விட்டனான் எண்டு கேட்டா வாய் திறக்கிறா இல்லை. அந்த யோசனையிலதான் வயித்தில புண் வந்திட்டுதோ தெரியாது."

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார். பேனை அந்தரத்தில் நின்றது.

"இரவு நண்டுக் கறி. விடியப்புறம் நாலு மணியிலிருந்து வயிற்று நோ. மூன்று தரம் வாந்தி. காய்ச்சல் இல்லை."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"மற்றதெல்லாம் புருசன் பெண்சாதிக் கதை, டொக்டர்."

அவர் தலையை ஆட்டி மூன்று வரியில் எழுதி முடித்தார். சாப்பாடு ஒத்துவராத வயிற்று நோ. சேலைன், நோவுக்கு ஊசி, கவனித்துப் பார்க்கவும். நான் அதைச் சொல்லாமல் விட்டதற்குப் பாதிக் காரணம், பேச்சு நறுக்காக இருக்க வேண்டும் என்பது. மற்றப் பாதி மானம். கட்டியவள் கட்டிலை விட்டு இறங்கிப் படுக்கிறாள் என்பதை, கல்யாணம் கட்டாத ஒரு பொடியன் டொக்டருக்கு நான் எப்படிச் சொல்வது?

உடுப்பு மாற்றும்போது, பிலோமினாவின் கழுத்துச் செபமாலையோடு சின்னத் துணி முடிச்சு ஒன்று கட்டியிருந்தது. தொட்டவுடனே தெரிந்தது. காட்டுக்குள் இருக்கிற மாதா கோயிலின் மண். அந்த மண் இருக்கிற இடத்துக்குச் சர்ப்பம் வராது என்பது எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் நம்பிக்கை. வீடு கட்டும்போது அத்திவாரத்தில் போடுவோம், காட்டுவழி போகிறவர் மடியில் கொண்டுபோவார். என்னுடைய அலுமாரியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கும்பிட்டு அதை அவவின் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

தரையில் படுத்தவள், மழைக்காலம், விடியப்புற வயிற்று நோ. முதலாம் வருடப் பிள்ளைகூட இந்த மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். எனக்கு அந்த நினைப்பு மருந்துக்குக்கூட வரவில்லை. அந்தத் துணி முடிச்சைக் கண்டதும் என் மனதில் ஒரு கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பூட்டியது எனக்கே தெரியாது.

எட்டு மணி போல காய்ச்சல் பார்க்கப் போனேன். பிலோமினா நாடியை உயர்த்தி, இமையின் கீழ்ப்பக்கத்தால் என்னைப் பார்த்தா. பக்கத்துக் கட்டில்காரி, "பாவம் மிஸி, இரவு முழுக்க நித்திரை இல்லைப்போல. தூங்கித் தூங்கி விழுகுது," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயைக் கழுவட்டும் என்று ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தேன். அது கடைவாயால் வழிந்து தலையணையில் இறங்கியது. விழுங்க முடியவில்லை. டொக்டரைக் கூப்பிட ஓடினேன்; அந்த வயதில் நான் ஓடுவதில்லை.

அவர் வந்து அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலே பார்க்கச் சொன்னார். இமை பாதியில் நின்றது. நாக்கை நீட்டச் சொன்னார், பல்லைத் தாண்டவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். நான் தமிழில் சொல்ல, அவ கொழகொழத்த குரலில் எண்ணினா. பதினாலு. பத்து நிமிடம் விட்டு மறுபடி எண்ணச் சொன்னார். ஒன்பது.

மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டு போகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. பாரிசவாதம் என்றால் ஒரு பக்கம்தான் இழுக்கும், இது இரண்டு பக்கமும். நண்டால் இப்படி வராது. தலைமாட்டில் தொங்கும் நோயாளிக் குறிப்புத் தாளை, எங்கள் வாயில் ரிக்கெற்றை, எடுத்துத் தான் எழுதிய மூன்று வரியையும் திரும்ப வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். புருவம் ஏறவில்லை.

"மிஸி, நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டது என்ன?"

"ரெலவன்டானது எல்லாம் சொன்னேன், டொக்டர்."

"ரெலவன்ட் வேண்டாம். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

புருசன் பெண்சாதிப் பேச்சில்லை என்றேன். ஒன்பது நாள் என்றேன். கட்டிலில் இல்லை, தரையில் பாய் போட்டு என்று சொல்லத் தொடங்கியபோதே அவர் பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"தரையிலா?"

"ஓம்."

"நுளம்பு வலை?" கொசுவலை இருந்ததா என்று கேட்டார்.

"இல்லை."

"கரவலா," என்றார் சிங்களத்தில். நாங்கள் எண்ணெய் விரியன் என்போம், கட்டுவிரியன் என்பவர்களும் உண்டு. இரவில் சூடு தேடித் தரையில் படுத்தவர் பக்கம் ஊரும். கடித்தால் பல பேருக்கு நோகாது, வீங்காது. முதலில் வயிறு நோகும், பிறகு இமை விழும், கடைசியில் மூச்சு நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? மாரி வந்தால் புதுப் பிள்ளைகளை இருத்தி வைத்து நானே சொல்லிக் கொடுக்கிற பாடம். அப்படிப்பட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்காது டொக்டர். அவவிட்ட மாதா மண் இருக்கு."

அந்தச் சொல் என் வாயால் வந்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டுப் போனேன். அவர் சிரித்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன். சிரிக்கவில்லை. "அதைப் பற்றிப் பிறகு கேட்கிறேன், கட்டாயம் கேட்பேன்," என்று சொல்லிவிட்டு ரோச் லைட்டை எடுத்தார். கால் விரல் இடுக்கு, காது மடல், முடிக்குள் எல்லாம் தேடினோம். ஒரு புள்ளிகூட இல்லை. "அடையாளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை," என்று குளிர்பெட்டியில் இருந்த விஷ முறிவு மருந்தைத் தொடங்கச் சொன்னார். ஒவ்வாமை வந்தால் போட வேறு ஊசியை நான் பக்கத்தில் எடுத்து வைத்தேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, மூச்சு இயந்திரம் தயார் என்று உறுதிப்படுத்திக்கொண்டோம்.

சூசையைக் கூப்பிட்டு, தடியோடு போய்ப் பாயைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். "ஏன் மிஸி?" என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைக் கண்டு ஓடினார். அரைமணிக்குள் ஒரு பால்மாத் தகரப் பேணியோடு வந்தார். உள்ளே கறுப்பாக, மினுமினுப்பாக, மெல்லிய வெள்ளை வளையங்களோடு அது செத்துக் கிடந்தது.

"தலையணைக்குக் கீழ கிடந்தது மிஸி," என்று சொல்லி வாசலிலேயே குந்திவிட்டார்.

அம்புலன்ஸில் டொக்டரும் ஏறினார். தீவுப் பட்டணத்துக்குக் கடலைக் கடக்கிற பாதை, தாம்போதி. அதற்கு வரும்போது எண்ணிக்கை நாலு. பாதித் தாம்போதியில் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. முகமூடியை வைத்து மூச்சுப் பையை நான் அமுக்கத் தொடங்கினேன். அமுக்கு, விடு, மனதுக்குள் எண்ணு, மறுபடி அமுக்கு. இந்த விஷத்தில் கை கால் கிடக்கும், கண் மூடியிருக்கும், ஆனால் புத்தி விழித்திருக்கும். அவவுக்குக் காது கேட்கும் என்று எனக்குத் தெரியும். குனிந்து சொன்னேன்:

"பிலோமினா, பயப்படாதேங்கோ. உங்கட மூச்சை நான் பாத்துக்கொள்ளுறன்."

பட்டணத்துக்குள் நுழையும் இடத்தில் கழுதைகள் ரோட்டை மறித்து நின்றன. எங்கள் மன்னார்க் கழுதைகளுக்குச் சைரன் எல்லாம் ஒரு பொருட்டா? டிரைவர் இறங்கி அவற்றைத் தள்ளிவிட்டு வந்தார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் சொன்ன செபம் எல்லாம் கழுதைகளுக்காகத்தான்.

பிலோமினாவை மூச்சு இயந்திரத்தில் சேர்த்தாயிற்று. வெளியே படிக்கட்டில் வந்து இருந்தேன். கை விறைத்துப்போய் விரலை மடக்க முடியவில்லை. டொக்டர் இரண்டு பிளேன் ரீ, பால் விடாத தேநீர், கொண்டுவந்தார். சீனியே போடாதவர், அன்றைக்குத் தன் கோப்பையில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார்.

"பிழை என்னுடையது," என்றார்.

"என்னுடையது," என்றேன்.

பிறகு அவர் சொன்னார்: "எது ரெலவன்ட் என்று சொல்ல, வருத்தம் என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது. தெரியாத இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினோம். அந்த மனிதர் மட்டும்தான் எல்லாவற்றையும் சொன்னார்."

ஐந்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நானும் டொக்டரும் பார்க்கப் போனோம். பிலோமினா தலையணையில் சாய்ந்திருந்தா. கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. அந்தக் கண்களைக் கண்டதும் அழுதேன், ஒளிக்கவில்லை.

"மிஸி, என்ட மண்?" என்றா கரகரத்த குரலில்.

அம்புலன்ஸில் ஏற்றும்போது தலையணைக்குக் கீழிருந்து எடுத்தது, ஐந்து நாளும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுத்தேன். பிறகுதான் கதை வெளியே வந்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. அதற்காக மாதாவுக்கு ஒன்பது நாள் நேத்திக்கடன். தரையில் படுக்கை, நேத்தி முடியுமட்டும் அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஒன்பதாம் இரவில்தான் அது கடித்திருக்கிறது.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற சூசை மெதுவாகக் கேட்டார்:

"அப்ப... என்னோட கோவம் இல்லையோ?"

"உங்களோட கோவிக்க எனக்கு எங்க நேரம்? உங்களுக்குச் சொன்னாக் கரை முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டுதான் பேசேல்லை."

அந்தப் பெரிய மனிசன் அப்படியே தரையில் குந்தி இருந்து விம்மி விம்மி அழுதார். பாம்பு கடித்ததற்குக்கூட அப்படி அழவில்லை. ஒன்பது நாளும் தான் என்ன பிழை விட்டோம் என்று தேடித் தேடிக் களைத்துப்போயிருந்திருக்கிறார்.

"எழும்புங்கோ, இனி இந்தக் குடும்பத்தில ஒருத்தரும் தரையில இருக்கக் கூடாது," என்றேன். பிலோமினாவே சிரித்துவிட்டா. என்ன பகிடி என்று டொக்டர் கேட்டார். ஒரு சொல் விடாமல், நேத்தி, மகள், மண், கோபம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். நல்ல நேரம் எடுத்தது. அவர் கையில் பேனை இல்லை. முடிவு வரை கேட்டார்.

"ரெலவன்ட்?" என்று நான் புருவத்தை ஏற்றிக் கேட்டேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மண்ணைப் பற்றியும் சொன்னபடியே கேட்டார். மாதாதான் காப்பாற்றினவ என்று பிலோமினா சொன்னா. அவர் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. மண்ணைக் கட்டிலிலும் வைக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அது எதோடு தொடர்புடையது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

அதன் பிறகு எங்கள் வாட்டில் ரிக்கெற்றின் முன்பக்கம் அவருடைய மூன்று வரி. பின்பக்கத்தில் 'மிச்சம்' என்று தலைப்பிட்டு, நோயாளியும் வீட்டுக்காரரும் சொன்ன மற்றதை நான் பென்சிலால் எழுதுவேன். உண்மையைச் சொன்னால், பின்பக்கத்தில் எழுதியதில் முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவவில்லை. ஆட்டுக்குட்டி காணாமல் போனது, மருமகளின் வாய், கனவில் வந்த மாமனார். ஆனால் அவர் மாற்றலாகிப் போகும்வரை ஒரு நாளும் பின்பக்கத்தைத் திருப்பாமல் கையெழுத்து வைத்ததில்லை. பிறகு வந்தவர்களுக்கும் நான் திருப்பிக் காட்டியே பழக்கிவிட்டேன்.

நேற்று நுஸ்ரத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தொடர்புடைய எண்டே போடு பிள்ளை. நல்ல சொல்தான். ஆனா அந்தப் பெட்டிக்குக் கீழ இன்னொரு பெட்டி வைக்கச் சொல்லு. 'மிச்சம்' எண்டு."

"வைக்கலாம் மிஸி. ஆனா எவ்வளவு இடம் விடுறது? கணினிக்காரர் அளவு கேப்பார்."

"தன்ட மனிசி ஒன்பது நாளாத் தன்னோட கோவம் எண்டு ஒரு மனிசன் சொல்லி முடிக்கப் போதுமான இடம் விடச் சொல்லு," என்றேன்.